கணக்கில் ஒரு காடு, மண்ணில் இரண்டு

சித்தூர் வட்டாரத்தில் ஜூன் மாதம் வந்தால் எங்கும் தோத்தாபுரி மாம்பழம்தான். கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். விலை சரிந்த வருடங்களில் விவசாயிகள் வயிறெரிந்து பழத்தைச் சாலையில் கொட்டுவார்கள். அந்தத் தோப்புகளுக்கு அரசாங்க ஏட்டில் இன்னொரு பெயர் உண்டு என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில் அவையும் வனப்பரப்புதான்.

ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், அதில் 10 சதவீதத்துக்கு மேல் மரங்களின் கவிகை. இவ்வளவு இருந்தால் போதும். பட்டா நிலமா, புறம்போக்கா, காப்புக்காடா என்று அந்த நிறுவனம் கேட்பதில்லை. நின்றிருப்பது ஆச்சாவா மாவா என்றும் கேட்பதில்லை. பழத்தோட்டம், தென்னந்தோப்பு, மூங்கில், தைலமரம் எல்லாம் ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடும். 1987 முதல் இப்படித்தான் அறிக்கைகள் வருகின்றன. 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர். நிலப்பரப்பில் 21.76 சதவீதம்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலகக் காடுகளின் கணக்கை வெளியிடுகிறது. அதன் விதிப்படி பழத்தோட்டம் காடாகாது. ஆனால், அந்த நிறுவனம் நாடு நாடாகப் போய்ச் சங்கிலி பிடித்து அளப்பதில்லை. ஒவ்வொரு அரசும் அனுப்புவதைத் தொகுக்கிறது. 2020-ல் அந்த ஏட்டில் இந்தியாவுக்கு எதிரே ஏறிய எண் 7.21 கோடி ஹெக்டேர். அதற்கு முந்தைய வருடம் டேராடூன் நமக்குச் சொன்ன எண் 7.12 கோடி. தோப்புகளைக் கழித்துவிட்டு அனுப்பிய கணக்காக இது தெரியவில்லை.

2025 அக்டோபரில் அடுத்த ஏடு வந்தது. காட்டின் பரப்பில் உலகில் ஒன்பதாவது இடம் இந்தியாவுக்கு என்று தலைப்புச் செய்திகள் வந்தன, டெல்லியில் பெருமிதம். அந்தப் பெருமிதத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் பக்கத்து நாடான இலங்கையின் கணக்கையும் எடுத்துக்கொண்டு திருப்பதியை ஒட்டிய சேஷாசல மலைப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

ஏட்டைப் பிரித்துப் பார்த்தால்

உலக ஏட்டில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மொத்தக் காட்டையும் இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். தானாக முளைத்தும் துளிர்த்தும் எழுந்தது ஒன்று. மனிதர் நட்டது மற்றொன்று. 2020 கணக்கில் இந்தியாவின் 7.21 கோடி ஹெக்டேரில் தானாக எழுந்தது 5.89 கோடி, நட்டது 1.33 கோடி.

முப்பது வருடம் பின்னால் போவோம். 1990-ல் மொத்தம் 6.39 கோடி. அதில் நட்டது சுமார் 57 லட்சம் ஹெக்டேர். கழித்தால் தானாக எழுந்த காடு 5.82 கோடி. ஆக, முப்பது வருடத்தில் மொத்தக் காடு 82 லட்சம் ஹெக்டேர் கூடியது. அதில் ஏறக்குறைய 75 லட்சம் நாம் நட்டது. பத்தில் ஒன்பது பங்கு. தானே எழும் காடு ஒரு சதவீத அளவில் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு சதவீதம்கூட நிகரக் கணக்கு. ஓரிடத்தில் சுரங்கத்துக்கும் அணைக்கும் போன காடும் வேறோர் இடத்தில் புதிதாகத் தழைத்த புதரும் ஒன்றையொன்று ஈடுகட்டி அதற்குள் மறைந்திருக்கின்றன.

இலங்கையின் ஏடு வேறு மாதிரி. 1990-ல் 23.5 லட்சம் ஹெக்டேர் காடு, 2020-ல் 21.1 லட்சம். முப்பது வருடத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால், மிச்சமிருப்பதில் 18.7 லட்சம் தானாக எழுந்த காடு; நட்டது 2.5 லட்சம்கூட இல்லை. அதாவது இலங்கைக் காட்டில் 88 சதவீதம் இயற்கையின் கைவேலை, இந்தியாவில் 82. ஒரு நாடு நட்டு நட்டு எண்ணைக் கூட்டியது. இன்னொரு நாடு நடவும் இல்லை, இருந்ததைக் காப்பாற்றவும் இல்லை. எது மேல் என்று பட்டிமன்றம் நடத்தினால் நடுவர் திண்டாடிப் போவார்.

இலங்கையை எதற்கு இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு பல்லியின் பொருட்டுத்தான். திருப்பதி மலையின் பாறை இடுக்குகளில் இரவில் பொன்னிறமாக மின்னும் பல்லி ஒன்று உண்டு. 1870-ல் பெடோம் என்ற ஆங்கிலேய வன அதிகாரி அதைப் பதிவு செய்தபோது இந்த மலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதன் பேரினத்தில் உலகிலேயே இரண்டு இனங்கள்தான். ஒன்று நம் கிழக்குத் தொடர்ச்சி மலையில், மற்றது இலங்கையின் உலர்வலயத்துப் பாறைக் குகைகளில். கடல் நடுவே வருவதற்கு முன்னால் இரண்டும் ஒரே நிலம்.

வெட்டிய கட்டை

சேஷாசலம் 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமானது. பரப்பு 4,756 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளேதான் 1989-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா இருக்கிறது. இந்தக் காட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும், இதன் தலையில் இடி விழக் காரணமானதும் ஒரே மரம்: செம்மரம். தெலுங்கில் எர்ர சந்தனம். கடப்பா, சித்தூர், நெல்லூர் மலைகளும் அவற்றை ஒட்டிய சில பகுதிகளும் போக உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை.

வெட்டப்பட்ட செம்மரத்தின் கட்டை ஒன்றை நின்று பாருங்கள். முழங்காலுக்கும் கீழே அறுத்திருப்பார்கள். கருத்த பட்டை முதலையின் முதுகுபோல் சதுரம் சதுரமாக வெடித்திருக்கும். வெட்டுவாயில் சிவப்புப் பிசின் வழிந்து உறைந்திருக்கும். வெளிவட்டம் வெளிறிய மரம். அதற்கு உள்ளேதான் கடல் தாண்டி விலை போகும் அந்த ரத்தச் சிவப்பு வைரம். ஒரு மழைக்காலம் கழிந்தால் பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலிருந்து நாலைந்து துளிர்கள் கிளம்பும், மும்மூன்று இலைகளோடு. மான் கடிக்காமல், தீ தொடாமல் இருந்தால் அவற்றில் ஒன்றிரண்டு மரமாகும்.

விதை வழி இதைவிடக் கடினம். வட்டமான, ஓரம் இறக்கைபோல் மெலிந்த காய். உள்ளே விதையின் தோல் கெட்டி. முளைத்த கன்றும் உடனே நெடுநெடுவென்று வளராது. கோடையில் தண்டு கருகிப் போகும், வேர் மட்டும் மண்ணுக்குள் தடித்துக்கொண்டே இருக்கும். அடுத்த மழையில் மீண்டும் தண்டு, அடுத்த கோடையில் மீண்டும் கருகல். இப்படிப் பல வருடம் மறைவாகச் சேமித்த பிறகுதான் ஒரு வருடம் தண்டு நிலைத்து மேலே போகும். காய்ந்த இலையுதிர் காடுகளின் பிழைப்பு பெரும்பாலும் இதுதான். மேலே இருந்து படமெடுக்கும் செயற்கைக்கோளுக்கு அது பொட்டல். அடியில் காடு தயாராக இருக்கிறது.

இந்தச் சேமிப்பை அழிப்பது தீ. மார்ச் மாதம் இலையுதிர்ந்து, எலுமிச்சை மணக்கும் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும்போது ஒரு பீடித் துண்டு போதும். 2014 மார்ச்சில் திருமலையை நோக்கிப் பரவிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொண்டுபோய் ஊற்ற வேண்டியிருந்தது. அப்படி எரிந்த இடத்துக்கும் வன ஏட்டில் பெயர் மாறாது. வரைபடத்தில் பச்சை அப்படியே இருக்கும்.

செம்மரக் கடத்தலிலும் இதே வேடிக்கைதான். முதிர்ந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெட்டிக்கொண்டு போனால் கவிகை பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்காது. காட்டின் பரப்பும் குறையாது. வைரம் பாய்ந்த மரம் மறுபடி நிற்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஏட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

மரத்துக்காக மனிதரும் விழுந்திருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி அருகே சேஷாசலக் காட்டில் அதிரடிப் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்துக் கூலிகள். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினரும் அவர்களில் இருந்தார்கள். கோடாரி பிடித்த கை தமிழ்நாட்டுக் கை, பணம் எண்ணிய கை வேறு எங்கோ. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1990-களின் இறுதியில் செம்மரத்தை அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் வைத்தது, 2018-ல் ஆபத்து குறைந்ததாக இரண்டு படி இறக்கியது, 2021-ல் மீண்டும் பழைய இடத்துக்கே ஏற்றியது. மூன்று வருடத்தில் மாறும் தீர்ப்பை வைத்துக்கொண்டு அரசு எப்படிக் கொள்கை வகுக்கும் என்பதும் நியாயமான கேள்விதான்.

ஆள் போன ஊரில் காடு

தானே எழும் காடு என்றால் கேட்கச் சுகமாக இருக்கிறது. அது எழுவதற்கு யார் விலகிப் போனார்கள் என்று கேட்டால் சுகம் குறையும். இலங்கையின் மன்னார் மாவட்டத்தில், வில்பத்து தேசியப் பூங்காவுக்கு வடக்கே மரிச்சுக்கட்டி, கரடிக்குளி என்று ஊர்கள் உண்டு. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இந்த ஊர்களும் காலியாயின. மக்கள் புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்தார்கள். ஊரில் காடு வளர்ந்தது. 2009-ல் போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது வீட்டு வாசலில் மரம் நின்றது. 2012-ல் அந்த நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறை ஒதுக்கப்பட்ட காடு என்று அரசிதழில் அறிவித்தது. வீடு கட்டத் துப்புரவாக்கியவர்கள் காடழிப்பவர்கள் ஆனார்கள். சூழலியலாளர்கள் ஒரு பக்கம், வீடு தேடி வந்தவர்கள் மறு பக்கம். நடுவில் அரசியல்வாதிகள் இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றினார்கள்.

இருபது வருடத்தில் காடு அவ்வளவு தூரம் வருமா? வரும். வெப்பமண்டலத்தில் விட்டுவிடப்பட்ட நிலங்களைப் பற்றி 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, இருபது வருடத்தில் அவை முதுகாட்டின் தன்மைகளில் சராசரியாக 78 சதவீதத்தை எட்டிவிடுகின்றன என்றது. மண் பத்து வருடத்துக்குள் தேறிவிடும். மரத்தின் மொத்த எடை பழைய நிலைக்கு வர நூறு வருடத்துக்கு மேல் ஆகும். ஆய்வு நடந்தது அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும். இலங்கை அதில் இல்லை.

சிங்கராஜாவின் கதை இதைவிட நிம்மதியானது. இலங்கையின் தென்மேற்கில் இருக்கும் அந்த மழைக்காட்டில் 1972-ல் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டத் தொடங்கினார்கள். மக்கள் எதிர்ப்பு வலுத்தது, 1977-ல் வெட்டு நின்றது, 1988-ல் உலக மரபுரிமைச் சின்னமானது. வெட்டிய இடங்கள் தாமே மூடிக்கொண்டன. காட்டின் ஓரத்தில், முன்பு திறந்து கிடந்த சரிவுகளில், கரீபியப் பைன் மரங்களை நட்டிருந்தார்கள். அதன் அடியில் அந்த மண்ணின் மரங்கள் எளிதில் வரவில்லை. நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக என்ற ஆய்வாளர் தம்பதியும் அவர்களோடு மார்க் ஆஷ்டனும் 1990-களில் ஒரு சோதனை செய்தார்கள். பைனை முழுதாக வெட்டி எறியவில்லை. வரிசை வரிசையாக இடைவெளி விட்டு எடுத்து, மிச்சப் பைனின் நிழலில் உள்ளூர் மரக்கன்றுகளை வைத்தார்கள். வெளியூர் மரம் செவிலித்தாய் ஆனது. இடைவெளி எத்தனை வரிசை, எந்த மரத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து அளந்து அவர்கள் எழுதி வைத்திருப்பது இன்றைக்குத் திருமலைக்கும் வழிகாட்டியாகும்.

அங்கே பைன், இங்கே அகேசியா

பொட்டலாகக் கிடந்த திருமலைச் சரிவுகளில் சில பத்தாண்டுகளுக்கு முன்னால் ஆஸ்திரேலிய அகேசியாவை நெருக்கமாக நட்டது தேவஸ்தானம். நோக்கம் நல்லது; மலை சீக்கிரம் பச்சையானது. மலைப்பாதைப் பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவருக்கு எல்லாம் ஒரே பச்சைதான். இறங்கி உள்ளே நடந்தால் வித்தியாசம் தெரியும். தரையில் இலைச்சருகு மெத்தையாகக் கிடக்கும், மட்க மாட்டாது. அடியில் கன்று முளைப்பது குறைவு. கோடையில் அந்தச் சருகே தீனி, தீக்கு. அகேசியாவைப் படிப்படியாக எடுத்துவிட்டு மலைக்கு உரிய மரங்களைக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு சில வருடங்களாக நடக்கிறது. 2025-ல் அறங்காவலர் குழு, திருமலையின் பசுமைப் பரப்பை 68 சதவீதத்திலிருந்து 80 ஆக்கும் திட்டத்தை எடுத்துக்கொண்டது.

நல்லதுதான். ஆனால், 80 என்ற எண்ணைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். எண் இலக்காக வைக்கப்பட்டால் அதை எட்டச் சுலபமான வழி குழி தோண்டி வேகமாக வளர்வதை நடுவது. ஒப்பந்தக்காரருக்கு வேலை, அதிகாரிக்குப் புகைப்படம். பாறை இடுக்கில் தானாக வந்து நிற்கும் சைகஸ் செடிக்கோ மொட்டைக் கட்டையில் துளிர்க்கும் செம்மரத்துக்கோ யாரும் ரிப்பன் வெட்ட முடியாது. அதற்குத் தேவை தீத்தடுப்புக் கோடு, காவலுக்கு ஆள், ஆடு வராமல் பார்க்கும் ஊர்க்கட்டுப்பாடு. மூன்றும் வருடா வருடம் செலவு வைக்கும், ஒரு நாளும் விழா வைக்காது.

மொட்டைக் கட்டையின் பலத்தை நம்பிக் காரியம் செய்த நாடு ஒன்று உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில் 1983-ல் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர், நட்ட கன்றெல்லாம் செத்துப்போன வெறுப்பில், வயலில் கிடந்த புதர்கள் உண்மையில் வெட்டப்பட்ட மரங்களின் துளிர்கள் என்று கண்டார். நட வேண்டாம், நாலு துளிரில் ஒன்றை விட்டு மற்றதைக் கழியுங்கள் என்றார். மரம் அரசாங்கத்துடையது என்ற பிடி தளர்ந்து உழவனுடையது என்று ஆனதும் அது பரவியது. சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலம் மரம் கொண்டது. பின்னாளில் செயற்கைக்கோள் படங்களில் நைஜர், நைஜீரிய எல்லையைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள்: ஏழை நாடான நைஜரின் பக்கம்தான் மரம் அதிகம்.

மரம் யாருடையது என்ற அந்தக் கேள்விக்குச் சித்தூரிலும் பதில் தேடியவர்கள் உண்டு. அப்போது இந்த மாவட்டத்தில் இருந்த தம்பளப்பள்ளி, மதனப்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களில் பொது நிலங்களையும் குன்றுகளையும் ஊராரே கட்டுப்பாடு வைத்து மேய்ச்சலை மாற்றி மாற்றி விட்டுக் காத்தார்கள். சூழலியல் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது. அரசின் வன சம்ரட்சண சமிதிகள் 1992-க்குப் பிறகு வந்தன. சில ஊர்களில் நிலைத்தன, பல ஊர்களில் திட்டப் பணம் நின்றதும் படுத்துவிட்டன.

மிச்சம் என்ற பேர்

இரண்டு நாட்டு அரசுகளும் ஒரு விஷயத்தில் ஒன்றுபோல் யோசிப்பது வியப்பாக இருக்கிறது. 2020 நவம்பரில் இலங்கை அரசு பழைய சுற்றறிக்கை ஒன்றை ரத்து செய்து, சரணாலயமோ ஒதுக்கப்பட்ட காடோ அல்லாத அரசுக் காடுகளின் மீதான அதிகாரத்தை வனத்துறையிடமிருந்து பிரதேச, மாவட்டச் செயலாளர்களிடம் கொடுத்தது. அவற்றுக்கு வழங்கிய பேரே மீதிக் காடுகள். சுமார் 5 லட்சம் ஹெக்டேர் என்று சூழலியல் அமைப்புகள் கணக்கிட்டன. காட்டை எரித்துப் பயிரிடும் சேனைப் பயிர்ச்செய்கை விட்ட இடங்களில் தழைத்த இளங்காடுகள் அவற்றில் நிறைய. இலங்கை யானைகள் விரும்பி மேய்வதும் முதுகாட்டைவிட அப்படிப்பட்ட இளங்காட்டில்தான்.

இந்தியாவில் 2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏட்டில் எந்தப் பேரில் இருந்தாலும் காடாக இருப்பது காடுதான் என்று சொல்லியிருந்தது. புதிய சட்டம் அந்த வரையறையைப் பதிவேட்டில் உள்ள காடுகளோடு சுருக்கியது. 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் இடைக்காலமாகப் பழைய வரையறையையே பின்பற்றச் சொன்னது. காடு என்று பதிவாகாமல், தானாக எழுந்து நிற்கும் இடங்களுக்குத்தான் இரண்டு நாட்டிலும் பாதுகாப்பு குறைவு. இவற்றை எடுத்துக்கொண்டு வேறிடத்தில் நட்டுத் தருகிறோம் என்று சொல்ல, ஈடுசெய் காடு வளர்ப்பு நிதி என்று தனிச் சட்டமே 2016-ல் வந்திருக்கிறது. ஏட்டில் சமன் ஆகிவிடும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் என்ன என்றால், தண்ணீர். பலமநேர்க் காட்டில் பிறக்கும் கவுண்டின்ய ஆறு எல்லை தாண்டி மோர்தானா அணைக்கு வந்து, குடியாத்தம் வழியாகப் பாலாற்றில் சேர்கிறது. அந்தக் காட்டைத்தான் 1990-ல் கவுண்டின்ய சரணாலயமாக அறிவித்தார்கள், 357 சதுர கிலோமீட்டர். காரணம் யானைகள். பல தலைமுறைகளாக ஆந்திரத்தின் இந்த மூலையில் யானையே இல்லை. 1980-களில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இந்தக் குட்டைக் காட்டில் தங்கிவிட்டன. உயர்ந்த மரமோ அடர்ந்த கவிகையோ இல்லாத முட்காடு அது. வன ஏட்டில் பெரும்பகுதி திறந்த காடு, புதர் என்று கடைசிப் பத்திகளில் வரும். யானைக்கு மூங்கிலும் நிழலும் தண்ணீரும் இருந்தால் சரி. கோடையில் அவை குடியாத்தம், பேரணாம்பட்டு மாந்தோப்புகளுக்கும் இறங்கி வருகின்றன. நஷ்டஈட்டுக்கு விண்ணப்பம் எழுதும் விவசாயிகளுக்கு, யானை புறப்பட்ட காடு ஆந்திர வனத்துறையின் கையில், விண்ணப்பம் போகும் அலுவலகம் வேலூரில்.